செவ்வாய்க்கிழமை காலை 8.44

2019 ஏப்ரல். கோவையில் ஒரு தொழிற்சாலையின் கணினிப் பிரிவை நான் கவனித்துக்கொண்டிருந்த காலம். வாசலில் இருக்கும் வருகைப்பதிவு மெஷின்களுக்கும் அலுவலக சர்வருக்கும் நடுவே போகும் தகவலைப் பாதுகாக்க, எங்களுக்குள்ளேயே ஒரு டிஜிட்டல் சர்டிபிகேட் தயாரித்துப் போட்டிருந்தோம். வருஷா வருஷம் புதுப்பிக்கும் தொல்லை வேண்டாமென்று 7,300 நாள், அதாவது ஏறக்குறைய இருபது வருஷம், செல்லும்படி வைத்தோம். மறுநாள் காலை ஷிப்ட் ஆரம்பிக்கும் நேரத்தில் போன்.

"அண்ணா, மெஷின் எதுவுமே சர்வரோட பேச மாட்டேங்குது. சர்டிபிகேட் காலாவதி ஆயிடுச்சாம்."

"நேத்து சாயங்காலம்தானேப்பா போட்டோம்?"

"ஆமாண்ணா. ஆனா 1903-லயே காலாவதின்னு காட்டுது."

இருபது வருஷம் முன்னால் போயிருக்க வேண்டிய தேதி, நூற்றுப் பதினாறு வருஷம் பின்னால் போய் நின்றுவிட்டது. எழுத்துப் பிழையும் இல்லை, யாரும் உள்ளே புகுந்து கைவைக்கவும் இல்லை. சர்டிபிகேட்டைத் தயாரித்தது ஒரு பழைய 32 பிட் சர்வர். அதனால் எண்ண முடிந்த கடைசி விநாடியைத் தாண்டி ஒரு தேதியைக் கேட்டுவிட்டோம், அவ்வளவுதான்.

அந்தக் கடைசி விநாடி எப்போது வரும் என்பது துல்லியமாகத் தெரியும். 2038 ஜனவரி 19, செவ்வாய்க்கிழமை. இந்திய, இலங்கை நேரப்படி காலை 8 மணி 44 நிமிடம் 7 விநாடி. பொங்கல் முடிந்து ஊர் திரும்பியவர்கள் ஆபீஸுக்குக் கிளம்பிக்கொண்டிருக்கும் நேரம்.

விநாடிக்கு ஒரு காசு

கணினிக்கு மாதமும் தெரியாது, கிழமையும் தெரியாது. யூனிக்ஸ் குடும்பத்தைச் சேர்ந்த இயங்குதளங்கள் (லினக்ஸ், ஆண்ட்ராய்டு, ஐபோனில் உள்ளது எல்லாமே இந்த வம்சம்தான்) நேரத்தை ஒற்றை எண்ணாக வைத்துக்கொள்கின்றன. 1970 ஜனவரி 1, கிரீன்விச் நள்ளிரவில் ஓர் உண்டியலை வைத்து, விநாடிக்கு ஒரு காசு போட்டுவருவதாக நினைத்துக்கொள்ளுங்கள். உண்டியலில் எத்தனை காசு என்று எண்ணினால் இப்போது மணி என்ன என்று சொல்லிவிடலாம். இன்றைக்கு அதில் 170 கோடிக்கு மேல் கிடக்கிறது.

உண்டியலின் கொள்ளளவுதான் சிக்கல். பழைய ஏற்பாட்டில் இந்த எண்ணுக்கு ஒதுக்கிய இடம் 32 பிட். அதாவது பூஜ்யமோ ஒன்றோ எழுதக்கூடிய 32 கட்டங்கள். இதில் 429 கோடிச் சொச்சம் எண்களை எழுதலாம். ஆனால் 1970-க்கு முன் பிறந்தவர்களின் பிறந்தநாளையும் குறிக்க வேண்டுமே! ஆகவே பாதியைக் கழித்தல் எண்களுக்கு விட்டுக்கொடுத்தார்கள். மிச்சமிருக்கும் பாதியின் உச்சி 2,147,483,647. விநாடிக் கணக்கில் அது 68 வருஷத்துக்குச் சற்று அதிகம்.

உண்டியல் நிறைந்த பிறகு விழும் காசு வெளியே சிந்தினாலாவது தேவலை. இங்கே நடப்பது வேறு. நிறைந்த உண்டியல் ஒரே விநாடியில் கடன் சீட்டாக மாறிவிடுகிறது.

ஏன் என்று புரிந்துகொள்ள ஒரு பழைய ஸ்கூட்டரின் கிலோமீட்டர் மீட்டர் போதும். 00000 காட்டும் மீட்டரை ஒரு பல் பின்னோக்கிச் சுற்றினால் 99999 வரும். பூஜ்யத்துக்கு முந்தியது என்பதால் 99999-ஐக் கழித்தல் ஒன்று என்றும், 99998-ஐக் கழித்தல் இரண்டு என்றும் வைத்துக்கொள்ளலாம். இப்படியே 50000 வரை கழித்தல் பக்கம். 49999 வரை கூட்டல் பக்கம். இந்த ஏற்பாட்டோடு வண்டியை ஓட்டிக்கொண்டே போங்கள். 49999-க்கு அடுத்த கிலோமீட்டரில் மீட்டர் சாதாரணமாக 50000 என்றுதான் காட்டும். ஆனால் நாம் வைத்துக்கொண்ட அர்த்தப்படி அது கழித்தல் ஐம்பதாயிரம். சக்கரம் சுற்றியதில் தவறே இல்லை; படிப்பவரின் அகராதியில்தான் அது தலைகீழாகிறது. கணினி தன் 32 கட்டங்களில் செய்வதும் அச்சாக இதுவே.

அதனால் 8.44.07-க்கு அடுத்த விநாடியில் அந்தக் கணினி, 1970-க்கு 214 கோடிச் சொச்சம் விநாடி முந்தைய நேரத்துக்குப் போய்விடும். அதாவது 1901 டிசம்பர் 13, வெள்ளிக்கிழமை, கிரீன்விச் நேரம் இரவு 8.45.52.

திரையில் வந்த மதராஸ்

இதை என் மடிக்கணினியிலேயே பார்த்தேன். லினக்ஸில் தேதி காட்டும் கட்டளையிடம் கழித்தல் 2,147,483,648 என்ற எண்ணைக் கொடுத்து, இது எந்த நேரம் என்று கேட்டேன். நம் ஊர்ப் பக்கம் எல்லாக் கணினியிலும் இருப்பதுபோல் அதிலும் நேர மண்டலம் 'ஏசியா/கொல்கத்தா'. கிரீன்விச்சோடு ஐந்தரை மணி நேரம் கூட்டி 2.15.52 என்று வரும் என நினைத்திருந்தேன்.

வந்தது: 1901 டிசம்பர் 14, சனிக்கிழமை, அதிகாலை 2.07.02. பக்கத்தில் ஐஎஸ்டி என்பதற்குப் பதில் 'எம்எம்டி' என்று மூன்றெழுத்து.

எட்டு நிமிடம் ஐம்பது விநாடி எங்கே போயிற்று என்று கொஞ்ச நேரம் குழம்பிவிட்டுத்தான் புரிந்தது. எம்எம்டி என்பது மதராஸ் நேரம். ஐந்தரை மணி என்ற இந்தியப் பொது நேரம் 1906 ஜனவரி 1-இல்தான் பிறந்தது. அதற்குமுன் இந்திய ரயில்கள் ஓடியது நுங்கம்பாக்கம் வானாய்வகத்தில் கணித்த மதராஸ் நேரத்தில். கிரீன்விச்சைவிட 5 மணி 21 நிமிடம் 10 விநாடி முன்னால். உலகின் நேர மண்டல மாற்றங்களையெல்லாம் தொகுத்துவைத்திருக்கும் தரவுத்தொகுப்பு பெரும்பாலான கணினிகளில் உண்டு. அதில் இந்த வரலாறும் பத்திரமாக இருக்கிறது. ஆக, 2038-இல் தடுமாறும் இந்தியக் கணினி ஒன்று, தன் மண்டலக் கணக்கில் மட்டும் கொஞ்சமும் பிசகாமல் பழைய மதராஸுக்குப் போய் இறங்கும்.

ஆரம்பத்திலேயே நிறைந்த உண்டியல்

யூனிக்ஸை எழுதிய கென் தாம்ப்சனும் டென்னிஸ் ரிச்சியும் இதை யோசிக்கவே இல்லையா? யோசித்தார்கள். அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் 1971 நவம்பரில் வந்த முதல் யூனிக்ஸ் கையேட்டில் நேரம் விநாடியில் இல்லை. விநாடியின் அறுபதில் ஒரு பங்கில் எண்ணினார்கள். மின்சாரம் விநாடிக்கு அறுபது முறை துடிக்கும் நாடு அது. தொடக்க நாள் 1971 ஜனவரி 1. விநாடிக்கு அறுபது காசு விழுந்தால் 32 கட்ட உண்டியல் 829 நாளில் நிறைந்துவிடும். இரண்டேகால் வருஷம்! அந்தக் கையேட்டிலேயே இது ஒரு குறையாகக் குறிக்கப்பட்டிருந்தது.

முதலில் அவர்கள் செய்தது தொடக்க நாளைத் தள்ளிவைத்ததுதான். அது சரிப்படாமல், 1973-இல் வந்த நான்காம் பதிப்பில் விநாடிக் கணக்குக்கு மாறி, தொடக்கத்தை 1970-இல் நிறுத்தினார்கள். இரண்டேகால் வருஷம் 68 வருஷம் ஆயிற்று. ஆய்வகத்தில் ஒரு சின்னக் கணினிக்கு எழுதிய இயங்குதளம் 68 வருஷம் தாங்கினால் போதாதா? அன்றைக்கு யாரும் போதாது என்று சொல்லியிருக்க மாட்டார்கள்.

தள்ளிப்போட்டார்கள், ஆனால் குறையைக் கையேட்டில் எழுதிவிட்டுத் தள்ளிப்போட்டார்கள். இந்த வித்தியாசத்துக்குக் கடைசியில் வருகிறேன்.

2038-க்கு முன்பே வந்த 2038

இன்னும் நாள் இருக்கிறதே என்பவர்களுக்கு 2006 மே மாதக் கதை ஒன்று உண்டு. ஏஓஎல் சர்வர் என்ற இணைய சர்வர் மென்பொருள் அப்போது பல இடங்களில் ஓடிக்கொண்டிருந்தது. டேட்டாபேஸுக்குப் போன ஒரு கேள்வி எவ்வளவு நேரம் காத்திருக்கலாம் என்று அதில் ஓர் அமைப்பு. 'எவ்வளவு நேரமானாலும் பரவாயில்லை' என்பதைச் சொல்ல, யாரோ அதில் நூறு கோடி விநாடி என்று போட்டிருந்தார்கள். கிட்டத்தட்ட 32 வருஷம். அதுவரை யார் காத்திருக்கப்போகிறார்கள்!

சர்வர் ஒவ்வொரு கேள்விக்கும் இப்போதைய நேரத்தோடு நூறு கோடியைக் கூட்டிக் கெடு நேரத்தைக் கணக்கிட்டது. இந்திய நேரப்படி மே 13, சனிக்கிழமை காலை 6.57 வரை அந்தக் கூட்டல் சரியாக வந்தது. அதற்கு அடுத்த விநாடியில் கூட்டுத்தொகை 2038-ஐத் தாண்டிவிட்டது. கெடு, கடந்த காலத்துக்குப் போயிற்று. சர்வர்கள் படுத்துக்கொண்டன. என்ன ஆயிற்று என்று தேடியவர்கள் கடைசியில் அந்த நூறு கோடியைக் குறைத்துப் போட்டு உயிர் கொடுத்தார்கள்.

ஒரு மென்பொருளுக்கு 2038 வருவது 2038-இல் அல்ல. 2038-ஐத் தாண்டி முதல்முறையாகக் கணக்குப் போடும் அன்று. இருபது வருஷ வீட்டுக்கடனுக்குத் தவணை அட்டவணை போடும் மென்பொருளுக்கு அது 2018 ஜனவரியிலேயே வந்துவிட்டது. பத்து வயதுக் குழந்தைக்கு ஓய்வுக்காலத் திட்டம் போட்டுக்கொடுக்கும் காப்பீட்டு மென்பொருளுக்கு இன்னும் முன்னால். எங்கள் கோவை சர்டிபிகேட்டுக்கு 2019 ஏப்ரலில்.

டிசம்பர் 33

சிக்கல் யூனிக்ஸோடு நிற்பதில்லை. 32 கட்டப் பெட்டி எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் இது உண்டு. அதில் எதைப் போட்டு எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்து நிறையும் நாள் மாறும். மில்லி விநாடி போட்டால், கழித்தல் பக்கம் இல்லாத முழுப் பெட்டியே 49.7 நாளில் நிறைந்துவிடும். விண்டோஸ் 95 கணினியை அணைக்காமல் அத்தனை நாள் ஓட்டினால் உறைந்து நின்றதற்கு இதுதான் காரணம். விநாடியில் நூறில் ஒரு பங்கைப் போட்டால், கழித்தல் பக்கமும் உள்ள பெட்டிக்கு 248 நாள். போயிங் 787 விமானத்தின் மின்னாக்கிக் கட்டுப்பாட்டுக் கருவிகள் 248 நாள் தொடர்ந்து மின்சாரத்தில் இருந்தால் ஒரே நேரத்தில் செயலிழக்கலாம் என்று 2015-இல் அமெரிக்க விமானப் போக்குவரத்து அமைப்பு உத்தரவே போட்டது. அதற்குமுன் ஒருமுறை அணைத்துப் போட வேண்டும் என்பதுதான் அப்போதைய வைத்தியம்.

அலுவலகங்களில் மெயில் சர்வரைப் பார்த்துக்கொள்பவர்கள் மறக்க முடியாத நாள் 2022 ஜனவரி 1. மைக்ரோசாஃப்ட் எக்ஸ்சேஞ்ச் 2016, 2019 சர்வர்களில் வரும் மெயில்களில் வைரஸ் இருக்கிறதா என்று பார்க்கும் ஒரு பகுதி உண்டு. அதன் பதிப்பு எண்ணை, வருஷம் மாதம் தேதி மணி நிமிடம் என்று இரண்டிரண்டு இலக்கமாக ஒட்டிப் பத்து இலக்க எண்ணாக வைத்திருந்தார்கள். 2021 முழுவதும் அந்த எண் 21-இல் ஆரம்பித்தது. டிசம்பர் 31 வந்தாலும் 2,112,31… என்றுதான் போகும். 32 பிட்டின் உச்சி 2,147,483,647 என்பதால் உள்ளே அடங்கியது. புத்தாண்டு பிறந்ததும் எண் 2,201,010,001 ஆயிற்று. பெட்டி கொள்ளவில்லை. வைரஸ் பார்க்கும் பகுதி நின்றது; அது நின்றதால் மெயில்கள் வரிசையில் தேங்கின. உலகம் முழுக்க அட்மின்களுக்கு அந்தப் புத்தாண்டு விடுமுறை போயிற்று.

மைக்ரோசாஃப்ட் கொடுத்த தீர்வு வேடிக்கையானது. புதிய பதிப்பு எண் 2,112,330,001-இல் தொடங்கியது. படித்துப் பாருங்கள்: 2021, டிசம்பர் 33! காலண்டரில் இல்லாத தேதியாக இருந்தாலும் பெட்டிக்குள் அடங்குகிறது, மெயில் போய்விடும். இதைப் பார்த்துச் சிரிக்கலாம். ஆனால் நள்ளிரவில் தேங்கிய மெயில் வரிசையை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்த யாரும் சிரித்திருக்க மாட்டார்கள்.

எதெல்லாம் சரியாகிவிட்டது?

உண்டியலைப் பெரிதாக்குவதுதான் உண்மையான தீர்வு. 32-க்குப் பதில் 64 கட்டம். இரண்டு மடங்கு கட்டம் என்றால் இரண்டு மடங்கு காலம் என்று தோன்றும். ஆனால் ஒவ்வொரு கட்டமும் கொள்ளளவை இரட்டிப்பாக்கும் என்பதால், 64 பிட் உண்டியல் நிறைய 29,200 கோடி வருஷம் ஆகும். அண்டத்தின் வயதே 1,380 கோடி வருஷம்தான்.

இந்த மாற்றத்தில் பெரும்பகுதி சத்தமில்லாமல் நடந்துவிட்டது. இப்போது விற்கும் சர்வர்களும் கைப்பேசிகளும் பெரும்பாலும் 64 பிட். 32 பிட் சாதனங்களிலும் நேரத்தை மட்டும் 64 பிட்டில் வைக்க, ஓபன்பிஎஸ்டி இயங்குதளம் 2014-இலேயே மாறிவிட்டது. லினக்ஸ் கெர்னல் 2020-இல் வந்த 5.6 பதிப்பில் தயாரானது. அதன்மேல் ஓடும் சி நூலகமான ஜிலிப்சி 2021-இல் வழிவிட்டது. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13, ஆர்ம் சிப் உள்ள 32 பிட் சாதனங்களுக்கான ஆயிரக்கணக்கான மென்பொருள்களைப் புதிய கணக்கில் மறுபடி உருவாக்கி வெளியிட்டது.

அப்படியானால் கவலைப்பட என்ன இருக்கிறது? வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைப் பெரிதாகக் கட்டிவிட்டோம், குழாய் பழையது. பெரிய எண் ஒன்று வழியில் எங்காவது ஒரே ஓர் இடத்தில் 32 பிட் குழாய்க்குள் நுழைந்தாலும் போதும். ஜாவாவில் நேரம் ஆதியிலிருந்தே 64 பிட் மில்லி விநாடி. ஆனால் அதை ஆயிரத்தால் வகுத்து 'இன்ட்' என்ற 32 பிட் எண்ணாக ஆக்கிக்கொள்ளும் ஒரு வரியை எத்தனையோ புரோகிராமர்கள் எழுதியிருக்கிறார்கள். மையஸ்க்யூஎல் டேட்டாபேஸின் 'டைம்ஸ்டாம்ப்' வகை, சர்வர் எவ்வளவு புதிதாக இருந்தாலும், 2038 ஜனவரி 19-ஐத் தாண்டி ஒரு தேதியையும் வாங்கிக்கொள்ளாது. அதன் சகோதரி மரியாடிபி 2024-இல்தான் 64 பிட் கணினிகளில் அதை 2106 வரை நீட்டியது. போஸ்ட்கிரஸில் இந்தத் தொல்லை இல்லை. அதன் டைம்ஸ்டாம்ப் எட்டு பைட்.

2000-ஆம் ஆண்டுச் சிக்கலோடு இதை ஒப்பிட்டால் ஒன்று புரியும். வருஷத்தை இரண்டு இலக்கத்தில் எழுதிய அந்தப் பிழை கண்ணுக்குத் தெரிந்தது. 99-க்கு அடுத்து என்ன என்று குழந்தைகூடக் கேட்கும். அதைச் சரிசெய்யச் சென்னையிலிருந்தும் ஹைதராபாத்திலிருந்தும் கோபோல் என்ற கணினி மொழியைப் படித்துக்கொண்டு விமானம் ஏறினார்கள் ஒரு தலைமுறை இளைஞர்கள். 2000 பிறந்ததும் பெரிதாக எதுவும் நடக்கவில்லை. உடனே 'எல்லாம் சும்மா கிளப்பிய பீதி' என்று பேச்சு வந்தது. கூரையை ஓடு மாற்றி வேய்ந்தவனிடம், மழை உள்ளே வரவில்லையே, ஏன் வேய்ந்தாய் என்று கேட்பதுபோல. 2038-இன் பிழை திரையில் தெரியாது. தேதி நான்கு இலக்க வருஷத்தோடு அழகாகத்தான் இருக்கும், கடைசி விநாடி வரை.

அட்மின்கள் என்ன செய்யலாம்?

முதல் வேலை, எங்கெங்கே இருக்கிறது என்று பட்டியல் போடுவது. டேட்டாபேஸ்களில் டைம்ஸ்டாம்ப் வகை ஃபீல்டுகளையும், 'இன்ட்' வகையில் விநாடியைச் சேமிக்கும் ஃபீல்டுகளையும் தேடி எடுங்கள். இரண்டாவதுதான் ஒளிந்திருக்கும், பெயர் 'கிரியேட்டட்', 'எக்ஸ்பைரி' என்றெல்லாம் இருக்கும், வகை வெறும் எண். மையஸ்க்யூஎல்லில் டைம்ஸ்டாம்பை 'டேட்டைம்' ஆக மாற்றுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். டைம்ஸ்டாம்ப், உள்ளே கிரீன்விச் நேரத்தில் சேமித்து, காட்டும்போது உங்கள் மண்டலத்துக்கு மாற்றிக் கொடுக்கும். டேட்டைம் கொடுத்ததை அப்படியே வைத்துக்கொள்ளும். கவனிக்காமல் மாற்றினால் 2038 சரியாகி, இன்றைய பதிவுகள் ஐந்தரை மணி நேரம் பிசகிப்போகலாம். கோடிக்கணக்கான வரிசை உள்ள டேபிளில் இந்த மாற்றம் மணிக்கணக்கில் ஓடும் என்பதையும் முன்கூட்டியே திட்டமிடுங்கள்.

அடுத்தது டிஸ்க். லினக்ஸின் எக்ஸ்ட்4 கோப்பு முறையில் ஐனோடு அளவு 256 பைட்டாக இருந்தால் கோப்புகளின் தேதி 2446 வரை தாங்கும். பழைய சர்வரிலிருந்து அப்படியே தூக்கிவந்த டிஸ்க்குகளில் அது 128 ஆக இருக்கலாம். அங்கே 2038 தான் எல்லை. எக்ஸ்எஃப்எஸ் முறையில் 'பிக்டைம்' என்ற வசதி போடப்பட்டிருந்தால் 2486 வரை கவலையில்லை. இல்லாவிட்டால் அதுவும் 2038.

மூன்றாவது, சோதனை. கடிகாரத்தை 2038-க்குத் திருப்பிப் பார்க்கலாம் என்று புரொடக்‌ஷன் சர்வரில் கை வைத்துவிடாதீர்கள். சர்டிபிகேட்டுகள் காலாவதியாகும், லைசென்ஸ்கள் முடிந்துபோகும், பழைய பேக்கப்புகள் கெடு தாண்டிவிட்டன என்று தானாக அழிந்தாலும் அழியும். விண்டோஸ் டொமைனில் நேரம் ஐந்து நிமிடத்துக்கு மேல் பிசகினாலே லாகின் ஆகாது. வலையிலிருந்து பிரித்த ஒரு விர்ச்சுவல் மெஷினில் சோதியுங்கள். சோதனை முடிந்ததும் கடிகாரத்தைத் திருப்பி வைத்து அதையே பயன்படுத்தாமல், மெஷினையே அழித்துவிடுங்கள். எதிர்காலத் தேதியிட்ட கோப்புகள் அதில் தங்கியிருக்கும். ஒரே ஒரு புரோகிராமிடம் மட்டும் பொய் நேரம் சொல்ல 'ஃபேக்டைம்' என்ற நூலகம் இருக்கிறது. ஆனால் கோ மொழியில் எழுதிய புரோகிராம்கள் அந்தப் பொய்யைக் காதில் வாங்காது.

சோதிக்க வேண்டிய நாள் 2038 ஜனவரி 19 மட்டும் அல்ல. 2036 பிப்ரவரி 7, வியாழக்கிழமை, நம் நேரம் பகல் 11.58-க்கு, கணினிகளின் கடிகாரங்களை ஒன்றோடொன்று ஒத்துவைக்கும் என்டிபி முறையின் எண்ணிக்கை பூஜ்யத்துக்குத் திரும்பும். 1985-இல் டேவிட் மில்ஸ் வடிவமைத்த அந்த முறை 1900-இலிருந்து விநாடியை எண்ணுகிறது. தரமாக எழுதிய மென்பொருள் அந்தத் திருப்பத்தைச் சமாளித்துவிடும். மலிவான கருவிக்குள் யாரோ அவசரமாக எழுதிப்போட்டது சமாளிக்கும் என்று சொல்ல முடியாது.

கடினமானது அந்தக் கருவிகள்தான். கண்காணிப்பு கேமரா ரெக்கார்டர், விரல்ரேகை மெஷின், தொழிற்சாலை பிஎல்சி, மின்மீட்டர். இவற்றுக்கு அப்டேட் வராது. ஆனால் இருபது வருஷம் ஓடும். இன்று வாங்கும் கருவிதான் 2038-இல் சுவரில் தொங்கிக்கொண்டிருக்கும். ஆகவே வாங்கும்போதே பர்ச்சேஸ் ஆர்டரில் ஒரு வரி சேருங்கள்: 2038 பிப்ரவரி தேதியை வைத்து ஓட்டிக்காட்ட வேண்டும் என்று. விற்பவர் முன்னால் ஐந்து நிமிடத்தில் முடிகிற சோதனை அது.

ஒட்டிய காகிதம்

அன்றைக்குக் கோவையில் என்ன செய்தோம் என்று நான் இன்னும் சொல்லவில்லை. சர்வரை மாற்ற வேண்டும் என்று பேசினோம். பட்ஜெட் இல்லை. வாசலில் ஷிப்ட் ஆட்கள் விரலை வைத்துக்கொண்டு நிற்கிறார்கள். 7,300 நாளைக் குறைத்து, 2037 டிசம்பர் 31-இல் முடிகிற மாதிரி வேறொரு சர்டிபிகேட் போட்டோம். மெஷின்கள் பேச ஆரம்பித்தன. டீ குடிக்கப் போய்விட்டோம்.

டிசம்பர் 33-ஐப் பார்த்துச் சிரிக்க எனக்கு எந்த யோக்கியதையும் இல்லை. ஏஓஎல் சர்வர்காரர்கள் நூறு கோடியைக் குறைத்ததும், நாங்கள் 2037-இல் நிறுத்தியதும் ஒரே வைத்தியம். யூனிக்ஸ்காரர்கள் தொடக்க நாளை நகர்த்தியதும் அப்படித்தான். காசும் நேரமும் ஆளும் இல்லாத இடத்தில் தள்ளிப்போடாமல் யாராலும் வேலை செய்ய முடியாது. பெல் ஆய்வகத்தார் தள்ளிப்போட்டதைக் கையேட்டில் எழுதிவைத்தார்கள்.  இரண்டு வருஷத்தில் மாற்றினார்கள். நாங்கள் எங்கேயும் எழுதவில்லை. அடுத்த சில வருஷத்தில் நான் வேலையை விட்டு வந்தபோது அந்தத் தேதி என் தலையோடு வெளியே வந்துவிட்டது.

இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்தபோதுதான் அது உறுத்தியது. அன்று போன் செய்த அதே தம்பிதான் இப்போது அங்கே பொறுப்பில் இருக்கிறார். கூப்பிட்டேன்.

"அந்தப் பழைய சர்வர் என்னப்பா ஆச்சு?"

"எங்க அண்ணா மாத்த விடறாங்க? நல்லாத்தான் ஓடுது."

சர்டிபிகேட் கதையை நினைவுபடுத்தினேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. "நானும் சுத்தமா மறந்துட்டேண்ணா" என்றார். சாயங்காலம் வாட்ஸாப்பில் ஒரு போட்டோ வந்தது. தூசி படிந்த சர்வரின் முன்பக்கம், வெள்ளைத் தாள் ஒன்று செல்லோ டேப்பில் கோணலாக ஒட்டியிருந்தது. அதில் நீல மார்க்கரில், கொட்டை எழுத்தில்: "இதில் 31.12.2037-க்குப் பிறகு தேதி போடாதீர்கள். காரணம் ரெஜிஸ்டரில், பக்கம் 1."